செப்புக் கம்பியின் இயல்பறிந்த ஒலிவர் ஹெவிசைட்

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரோரமாக ஒரு பழைய தொலைபேசிக் கம்பி ஓடுகின்றது. ஐயா உயிரோடிருந்த நாளிலே போடப்பட்டது அது. மெல்லிய இரண்டு செப்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, மேலே உறை போர்த்திய எளிய பொருள். சுவருக்குச் சுண்ணாம்பு பூசும்போதெல்லாம் அதன்மீதும் பூசப்பட்டமையால், சுவரின் நிறமே அதற்கும் நிறமாயிற்று. ஒருவர் குரலை மற்றொருவர் செவிக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்றே அமைந்த அக்கம்பி, பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், உலகத்து நூல்நிலையங்களை என் மேசைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. புதிய கம்பி எதுவும் இழுக்கப்படவில்லை. சிறு பெட்டியொன்று வந்து மேசையில் அமர்ந்தது, அவ்வளவே.

ஆனால் அந்த இணைய இணைப்பு அடிக்கடி அறுந்தது. அதனைப் பார்க்க வந்த இளைஞர் பெட்டியை ஒருமுறை நோக்கினார். பின்னர் சுவரோரமாகக் கம்பியைத் தொடர்ந்து நடந்து பின்னறைக்குப் போய்விட்டார். ஐயா நோயுற்றுப் படுக்கையிலிருந்த காலத்தில் அவ்வறையில் இரண்டாவது தொலைபேசி ஒன்று வைத்திருந்தோம். ஐயா போன பின் தொலைபேசி எடுக்கப்பட்டது. கம்பி மட்டும் எவருக்கும் பயனின்றி, நுனி திறந்தபடி அங்கேயே கிடந்தது. அக்கிளை பிரியும் இடத்தைத் தேடிக் கண்டு, அவர் அதனை வெட்டி விலக்கினார். இணைப்பு நிலைத்தது. அனுப்பப்படும் அலையில் ஒரு பகுதி அந்த வெறுங்கிளைக்குள் ஓடி, நுனியிலே முட்டி, திரும்பி வந்து பின்னால் வரும் அலையோடு கலந்து அதனைக் குலைக்கின்றது என்று அவர் விளக்கினார். தம்பி சொன்னது முற்றும் சரியே. முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த நான், கரும்பலகையிலே எத்தனையோ அலைகளைத் தெறிக்க வைத்திருக்கின்றேன். என் வீட்டுச் சுவருக்குள் அது நாள்தோறும் நடக்கின்றது என்று ஒருமுறையேனும் நினைத்ததில்லை.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் ஒலிவர் ஹெவிசைட். கம்பிக்குள்ளே அலை எவ்வாறு ஓடுகின்றது, எங்கே தேய்கின்றது, எங்கே தெறிக்கின்றது என்பவற்றையெல்லாம், தொலைபேசி தோன்றிய காலத்திலேயே தாளும் எழுதுகோலுங் கொண்டு கண்டறிந்தவர் அவர். அவருக்கு நான் பட்ட கடன் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் அவர் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

ஹெவிசைட் 1850ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் இலண்டன் மாநகரின் கம்டன் ரவுன் பகுதியிற் பிறந்தார். தந்தையார் மரக்கட்டையிற் படம் செதுக்கும் தொழிலாளர். பத்திரிகைகளுக்கு அத்தகைய செதுக்குப்படங்கள் வேண்டியிருந்த காலம் அது; ஆயினும் குடும்பம் வறுமையிலிருந்து விலகவில்லை. நான்கு ஆண்மக்களுள் ஒலிவர் கடைக்குட்டி. குழந்தைப் பருவத்திலே செங்காய்ச்சல் கண்டு, அவருடைய செவிப்புலன் பெரிதும் குன்றியது. தெருவிலே மற்றப் பிள்ளைகள் கூவி விளையாடும்போது அவர் விலகி நிற்க நேர்ந்தது. பிற்காலத்திற் கேள்வி ஓரளவு திருந்திற்று எனினும், அந்த விலகி நிற்கும் இயல்பு அவரை விட்டு நீங்கவேயில்லை. மனிதக் குரல் நெடுந்தூரம் தெளிவாகச் செல்லும் வழியைக் கண்டவர், குரலைத் தெளிவாகக் கேளாமல் வளர்ந்த ஒருவர் என்பது எண்ணத்தக்கது.

அவருக்கிருந்த பேறு ஒன்றே ஒன்று. தாயாரின் உடன்பிறந்தாளை மணந்தவர் சாள்ஸ் வீற்ஸ்டன். 1837இல் குக் என்பவரோடு சேர்ந்து இங்கிலாந்தில் மின்தந்தியை நிறுவியவர். வீற்ஸ்டன் பாலம் என்ற பெயரால் நம் மாணவர் அனைவருக்கும் அறிமுகமானவர். அவ்வுறவின் வழியாகவே ஹெவிசைட் சகோதரருக்குத் தந்தித் தொழிலின் வாயில் திறந்தது.

பள்ளியிலே ஒலிவர் மந்தமானவர் அல்லர். 1865இல் நடந்த பொதுப் பரீட்சையொன்றில், ஐந்நூறுக்கு மேற்பட்ட மாணவருள் ஐந்தாம் இடத்தைப் பெற்றார். ஆனால் யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்திலே பெற்ற புள்ளி மிகக் குறைவு. நிறுவல்களை வரிவரியாக மனனஞ் செய்து ஒப்புவிக்கும் முறையை அவர் வெறுத்தார், இறுதிவரை வெறுத்தார். பதினாறு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பல்கலைக்கழக வாசலை அவர் மிதிக்கவில்லை. வீட்டிலிருந்து தாமாகவே படித்தார்.

1868இல் டென்மார்க் நாட்டின் பிரடெரிசியா நகரிலே தந்தி இயக்குநராக வேலை கிடைத்தது. இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்குமிடையே கடலடியிற் புதிதாகப் போடப்பட்ட தந்தி வடத்திற் பணி. சில ஆண்டுகளின் பின் வடத்தின் மறுகரையான நியூகாசில் நகருக்கு மாற்றம் பெற்றார். அங்கே அவர் கண்ட புதுமை ஒன்றுண்டு. ஒரே வடத்தில், ஒரு திசையிற் செய்தி விரைவாகவும் மறுதிசையில் தாமதமாகவும் சென்றது. அக்காலத்துத் தந்தியாளர் பலர் இத்தகையவற்றைக் கண்டும் காணாதவர் போல வேலையைப் பார்த்தனர். இவர் காரணத்தை ஆராய்ந்தார். அதற்குக் கணிதத்தையே துணைகொண்டார்.

1873இல் வீற்ஸ்டன் பாலத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, வில்லியம் தொம்சன், மக்ஸ்வெல் ஆகிய பேரறிஞரின் கவனத்தை ஈர்த்தது. அவ்வாண்டிலேயே மக்ஸ்வெல் மின்னியலையும் காந்தவியலையும் பற்றித் தாம் எழுதிய பெருநூலை வெளியிட்டார். நூல்நிலையத்தில் அதனைப் புரட்டிப் பார்த்த ஹெவிசைட்டுக்கு அதன் பெரும்பகுதி விளங்கவில்லை. விளங்காதது அவரை விரட்டவில்லை. தம் வாழ்நாளை அதற்கே கொடுப்பதெனத் துணிந்தார். 1874இல், இருபத்துநான்காம் வயதில், வேலையைத் துறந்து பெற்றோரிடம் திரும்பினார். அதன் பின் சம்பளத்துக்கு ஒருநாளும் வேலை பார்த்தவரல்லர்.

ஆண்மகன் ஒருவன் வேலையை விட்டுவிட்டு, பெற்றோர் வீட்டின் ஓர் அறையிலே கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நம் அயலவர் என்ன பேசுவர் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இலண்டன் அயலும் அதையே பேசியிருக்கும். பெற்றோர் பொறுத்தனர், தமையனார் ஆதர், தபால் திணைக்களத்தின் தந்திப் பொறியியலாளர், தம்மால் இயன்ற மட்டும் துணை நின்றார். அந்த அறையிலிருந்து வெளிவந்தவை எவை என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, கம்பியைப் பற்றிய சமன்பாடு. அதன் அருமையை உணர, அதற்கு முன்பிருந்த நிலையை அறிதல் வேண்டும். 1858இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிற் போடப்பட்ட முதல் தந்தி வடத்தின் வழியே, விக்டோரியா மகாராணியார் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய ஏறத்தாழ நூறு சொற் கொண்ட வாழ்த்து, போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் சென்றது. சில வாரங்களில் அவ்வடமும் செயலிழந்தது. இத்தகைய தாமதத்துக்கு விளக்கங் கூறியவர் தொம்சன். பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர். கம்பிக்குத் தடை உண்டு; மின்னேற்றத்தைத் தன்பாற் சேமித்து வைக்கும் கொள்ளளவமும் உண்டு. இவ்விரண்டையும் வைத்து அவர் 1855இலேயே ஒரு கொள்கை வகுத்திருந்தார். அதன்படி, குறுகச் செலுத்திய மின்துடிப்பு, ஈரத்தாளிற் பட்ட மைத்துளி பரவுவதுபோல, போகப்போகப் பரவி மழுங்கும். வடத்தின் நீளம் இரட்டித்தாற் தாமதம் நான்கு மடங்காகும்.

மெதுவாக இயங்கும் கடலடித் தந்திக்கு இது பொருந்திற்று. ஆனால் 1876இல் தொலைபேசி தோன்றியது. மனிதக் குரல் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை அதிர்வது. அவ்வளவு விரைவான அதிர்வுக்குத் தடையையும் கொள்ளளவத்தையும் மட்டும் எண்ணினாற் போதாது. கம்பியின் தூண்டுதிறனையும் எண்ணல் வேண்டும் என்று ஹெவிசைட் அதே 1876இல் எழுதினார். கம்பியிலே மின்னோட்டம் மாறும்போது அதனைச் சூழ்ந்த காந்தப்புலமும் மாறி, அம்மாற்றத்தை எதிர்த்து நிற்கும். இயங்கும் பொருளுக்குத் திணிவு எப்படியோ, மின்னோட்டத்துக்குத் தூண்டுதிறன் அப்படி. இதனோடு, காவலியினூடாக ஒழுகும் சிறு ஒழுக்கையும் சேர்த்து, நான்கு இயல்புகளாலான சமன்பாட்டை அவர் நிறைவு செய்தார். தந்திச் சமன்பாடு என்று பொறியியல் மாணவர் இன்றும் பயில்வது அதுவே.

அச்சமன்பாட்டிலிருந்து 1887இல் அவர் கண்ட முடிவு, கேட்டவரைத் திகைக்க வைத்தது. தூண்டுதிறன் குரலுக்குப் பகை என்று எல்லோரும் நம்பியிருந்தனர். ஹெவிசைட்டோ, அதுவே குரலுக்குத் துணை என்றார். மெல்லிய நூலொன்றின் நுனியைப் பிடித்து உதறிப் பாருங்கள். அசைவு சிறிது தூரத்திலே அடங்கிவிடும். தடித்த கிணற்றுக் கயிற்றை அவ்வாறே உதறுங்கள். அலை மறுநுனிவரை உருவங் குலையாமல் ஓடும். கயிற்றின் பாரமே அலையைக் காக்கின்றது. அவ்வாறே கம்பிக்கும் தூண்டுதிறன் என்னும் பாரத்தை ஏற்றவேண்டும். தடைக்கும் தூண்டுதிறனுக்குமுள்ள விகிதம், ஒழுக்குக்கும் கொள்ளளவத்துக்குமுள்ள விகிதத்தோடு சமமாயின், குரல் தேய்ந்து ஒலிக்குமேயன்றிச் சிறிதும் திரியாது. இதற்குக் கம்பியில் இடையிடையே சுருள்களைச் சேர்க்கலாம் என்ற வழியையும் அவர் காட்டினார்.

இங்கேதான் அவருடைய வாழ்வின் பெருந் துன்பம் தொடங்கியது. பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் மின்னியல் துறையிலே அந்நாளிற் செல்வாக்கு மிக்கவர் வில்லியம் பிரீஸ். நெடுநாள் அனுபவமும் நல்ல பேச்சுவன்மையும் உடையவர். கணிதத்தை அதிகம் மதியாதவர். தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கி வருவதே தொலைபேசியின் தூர எல்லையை வரையறுக்கின்றது என்று அவர் 1887இல் அறிஞர் அவையிலே கட்டுரை படித்தார். தூண்டுதிறனை நீக்கவேண்டிய தீமையாகவே கருதினார். அவ்வாண்டிலே ஒலிவரும் ஆதரும் சேர்ந்து தொலைபேசி பற்றி ஒரு கட்டுரை எழுதினர். தூண்டுதிறனைக் கூட்டினால் நன்மை விளையும் என்பது அதிலே இருந்தது. ஆதர் திணைக்களத்தின் அலுவலராகையால், வெளியிட மேலிடத்து அனுமதி வேண்டும். பிரீஸ் இடங்கொடுக்கவில்லை. கட்டுரை வெளிவராமலே கிடந்தது.

தொல்லை அதனோடு முடியவில்லை. எலெக்ட்ரீசியன் என்ற தொழிற்றுறை வார இதழ் அவருடைய கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டு வந்தது. ஆண்டுக்கு 40 பவுண் அளவிலான சன்மானம். அவருக்கிருந்த வருவாய் ஏறத்தாழ அவ்வளவே. அவ்விதழின் ஆசிரியர் 1887இல் மாறினார். புதிய ஆசிரியர் தொடரை நிறுத்தினார். விசாரித்துப் பார்த்ததில், அவற்றைப் படிப்பவர் ஒருவரையேனும் காணமுடியவில்லை என்பது அவர் கூறிய காரணம். எழுதுகின்ற எவரும் இதனை வாசிக்கும்போது சற்று நிற்பர் என்று எண்ணுகின்றேன்.

ஆயினும் உண்மை வேறு வழியாக வந்தது. 1888இல் ஜேர்மனியில் ஹேர்ட்ஸ் என்னும் இளம் அறிஞர் மின்காந்த அலைகளை ஆய்வுகூடத்திலே தோற்றுவித்துக் காட்டினார். மக்ஸ்வெல்லின் கொள்கை மெய்யென நிலைநாட்டப்பட்டது. அக்கொள்கையை முழுமையாக விளங்கிக்கொண்டவர் யார் என்று உலகம் தேடியபோது, அவருள் முன்வரிசையில் நின்றவர், கம்டன் ரவுன் அறையிலிருந்த, வேலையற்ற தந்தியாளர். மக்ஸ்வெல் 1865இல் இருபது சமன்பாடுகளாக எழுதியவற்றை, 1885 அளவிலே காவிக் கணிதத்தின் துணையால் நான்காகச் சுருக்கியிருந்தவர் அவரே. மக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று இன்று பல்கலைக்கழக மாணவர் எழுதும் வடிவம், ஹெவிசைட் கொடுத்த வடிவமே. 1889 ஜனவரியில் மின்பொறியியலாளர் சங்கத்தின் தலைமையுரையில் தொம்சன் ஹெவிசைட்டின் பணியைப் பாராட்டினார். 1891இல் றோயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

கௌரவம் வந்தது, வருவாய் வரவில்லை. 1889இலேயே குடும்பம் இலண்டனை விட்டு, தெற்கே கடற்கரையூரான பெய்ன்டனுக்குப் போயிருந்தது. அங்கே இன்னொரு தமையனார் இசைக்கருவிக் கடை நடத்தினார். 1894இல் நண்பர்கள் றோயல் கழகத்தின் உதவி நிதியிலிருந்து பணம் பெற்றுக் கொடுக்க முயன்றபோது, தானமாக வருவதை ஏற்க அவர் மறுத்துவிட்டார். 1896இல் அரசாங்கம் அவருடைய பணிக்கென ஆண்டுக்கு 120 பவுண் ஓய்வூதியம் வழங்கியபோது மட்டும் இசைந்தார். நண்பர் அதனைத் தானமாகத் தோன்றாதபடி மிகக் கவனமாக ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது.

இப்பொழுது என் கடனைச் சொல்கின்றேன். ஹெவிசைட், வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்குத் தமக்கே உரிய முறையொன்றைக் கையாண்டார். காலத்தைக் குறித்து வகையிடுக என்னும் கட்டளையை, அவர் ஓர் எண்போலவே பாவித்தார். அதனாற் பெருக்கினார், வகுத்தார், தொடராக விரித்தார். கடினமான கணக்குகள் சில வரிகளில் முடிந்தன. விடைகள் சரியாகவே வந்தன. அம்முறையை விளக்கிய முதலிரு கட்டுரைகளையும் றோயல் கழகம் வெளியிட்டது. மூன்றாவதை 1894இல் மறுத்தது. கணிதத்துக்கு வேண்டிய இறுக்கமான நிறுவல் அதில் இல்லை என்பது அறிஞரின் முடிவு. பின்னர் 1916இல் புரொம்விச் போன்றோர் அம்முறைக்கு உறுதியான அடித்தளம் அமைத்தனர். இன்று பொறியியலாளர் வேறொரு பெயரோடும் வேறொரு உடையோடும் அதனையே பயில்கின்றனர்.

என் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தவணைப் பரீட்சையில் ஒரு வகையீட்டுச் சமன்பாட்டை இத்தகைய முறையிலேயே தீர்த்திருந்தான். தொழிநுட்பக் கல்லூரியிற் படித்த தமையனின் குறிப்புப் புத்தகத்திலிருந்து தானாகப் பயின்றது அது. விடை சரி. நான் சிவப்பு மையினாற் குறுக்கே கோடிட்டு, புள்ளி எதுவும் வழங்காமல் விட்டேன். விடை பிழையோ என்று அவன் வந்து கேட்டான். விடை சரிதான், வந்த வழி சரியன்று என்றேன். அவன் தலையசைத்துப் போனான். அதன்பின் என் வகுப்பிலே அவன் தன் வழியில் ஒரு கணக்கையேனும் செய்யவில்லை. நான் கரும்பலகையில் எழுதிய வழியையே எழுதினான். பல ஆண்டுகள் கழித்து ஹெவிசைட்டைப் பற்றிப் படித்தபோதுதான் நான் கோடிட்டது எதனை என்று அறிந்தேன். அப்போது அந்த மாணவன் எங்கே இருந்தான் என்பதுகூட எனக்குத் தெரியாது. அந்த 1894ஆம் ஆண்டு அறிஞருக்காவது நிறுவல் இல்லை என்ற நியாயம் இருந்தது. எனக்கிருந்தது, எனக்குத் தெரியாத வழி என்ற ஒன்றே.

கம்பியின் கதைக்குத் திரும்புவோம். ஹெவிசைட் காட்டிய சுருள்களை அவருடைய நாடு தக்க காலத்திற் போடவில்லை. அமெரிக்காவிலே 1899, 1900ஆம் ஆண்டுகளில் ஜோர்ஜ் காம்பெல், மைக்கேல் பூப்பின் ஆகிய இருவரும் தனித்தனியே, அச்சுருள்களை எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு பெறுமானத்தில் வைக்கவேண்டும் என்று கணித்தனர். உரிமம் பூப்பினுக்குக் கிடைத்தது. அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி அதனைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. 1911இல் நியூயோர்க்கிலிருந்து டென்வர்வரை, 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம், மனிதர் பேசிக்கொண்டனர். பிரீஸ் 1899இல் சேர் பட்டம் பெற்றார். வழிகாட்டிய ஹெவிசைட், டெவன் மாகாணத்துச் சிற்றூரொன்றில் எரிவாயுக் கட்டணத்துக்கு அல்லற்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்நிலையிலும் அவர் சிந்தனை ஓயவில்லை. மின்காந்தக் கொள்கை பற்றிய அவருடைய நூல் 1893, 1899, 1912 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. வானொலி அலைகள் பூமியின் வளைவைச் சுற்றிச் செல்வது எங்ஙனம் என்ற வினாவுக்கு, மேல்வானிலே மின்னைக் கடத்தும் ஒரு படை இருத்தல் கூடும் என்று 1902இல் எழுதினார். அமெரிக்காவில் கென்னெலியும் அவ்வாண்டிலே அதனைக் கூறினார். 1924ஆம் ஆண்டு இறுதியில் அப்பிள்டன் நடத்திய பரிசோதனை அப்படையை மெய்ப்பித்தது. 1922இல் மின்பொறியியலாளர் நிறுவகம் பரடேயின் பெயராலமைந்த தன் பதக்கத்தை முதன்முதலாக ஹெவிசைட்டுக்கே வழங்கியது. நிறுவகத் தலைவர் டோர்க்கி நகருக்குச் சென்று அதனைக் கையளித்தார். 1925 பெப்ரவரி 3ஆம் நாள் அவர் காலமானார். பெய்ன்டனில், பெற்றோரின் கல்லறையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். மணம் புரிந்தவரல்லர், மாணவர் என்று சொல்லிக்கொள்ளவும் எவரும் இருந்திலர்.

என் விறாந்தைக் கம்பிக்கு வருகின்றேன். தொலைபேசியிற் பேச்சுக்கு ஒதுக்கப்பட்ட மீடிறன் எல்லை, ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸ் முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையுள்ள சிறு பரப்பு. அப்பரப்புக்குள் நின்றே கணினிகளைப் பேசவைத்த பழைய கருவிகள், செக்கனுக்கு 56,000 பிற்றுக்கு மேற் செல்ல முடியவில்லை. செப்புக் கம்பியின் வல்லமை அவ்வளவுதான் என்று பலர் நம்பினர். அது தவறு. அந்த எல்லை தொலைபேசி நிலையம் பேச்சுக்கெனப் போட்ட வேலி, கம்பியின் எல்லையன்று. கம்பி அதற்கப்பாலும் அலைகளைக் கடத்தவல்லது. மீடிறன் ஏற ஏறத் தேய்வும் ஏறும். ஏனெனில் விரைந்து மாறும் மின்னோட்டம் கம்பியின் மேற்றோலிலேயே ஒதுங்கி ஓடும். இதனையும் 1880களில் ஆராய்ந்தவர் ஹெவிசைட்டே. எனினும் சில கிலோமீற்றர் தூரத்துக்கு, 10 இலட்சம் ஹேர்ட்ஸ் வரையிலும் அங்கே பயன்படுத்தத்தக்க வெளி கிடந்தது.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே யோசப் லெக்லைடர் என்னும் பொறியியலாளர் ஒன்றைக் கண்டார். நிலையத்தில் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒரே கட்டில் நெருங்கிக் கிடக்கையில், ஒன்றன் பேச்சு மற்றொன்றிற் கேட்பது பெருந் தடை. வீட்டிலிருந்து செல்வதைச் சிறிதாகவும் வீட்டுக்கு வருவதைப் பெரிதாகவும் வைத்தால் அத்தடை மிகவும் தணியும். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து யோன் சியோபியும் அவர் குழுவினரும் அந்த வெளியை 256 சிறு கால்வாய்களாகப் பிரித்தனர். ஒவ்வொன்றும் 4,312.5 ஹேர்ட்ஸ் அகலம். இணைப்புத் தொடங்கும்போது பெட்டி ஒவ்வொரு கால்வாயையும் சோதித்து, தெளிவானதில் அதிகமும், இரைச்சலுள்ளதிற் குறைவுமாகச் செய்தியை ஏற்றுகின்றது. கீழே பேச்சு தன்வழி போக, மேலே இணையம் தன்வழி போகும். 1995இல் அமெரிக்காவிலும் 1999இல் உலகளாவியும் இம்முறை நியமமாயிற்று. செக்கனுக்கு 80 இலட்சம் பிற் வரையில், பாட்டன் காலத்துக் கம்பியிலேயே வீட்டுக்கு வரத்தொடங்கியது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. ஹெவிசைட்டின் எண்ணத்திலிருந்து பிறந்த அந்தச் சுருள்கள் இணையத்துக்குத் தடையாயின. பேச்சின் எல்லைக்குள் அவை குரலைக் காத்தன. அதற்கு மேலுள்ள மீடிறன்களை அடியோடு அடைத்தன. ஆகவே அவை போடப்பட்டிருந்த கம்பிகளில், அகலப்பட்டை இணைப்புக் கொடுக்குமுன் அவற்றைத் தேடிக் கழற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அவை ஏன் அடைக்கும், எங்கிருந்து அடைக்கும் என்பதைக் கூறுவதும் ஹெவிசைட்டின் சமன்பாடே. பின்னறையிற் கிடந்த வெறுங்கிளை ஏன் அலையைத் திருப்பி அனுப்பியது என்பதைக் கூறுவதும் அதுவே. கம்பியின் தடங்கல் மாறும் இடத்திலெல்லாம் அலை தெறிக்கும். தடங்கல் என்ற கருத்துக்கு ஆங்கிலப் பெயரிட்டவரும் அவரே. பொருள் கழன்றது, அறிவு நின்றது.

இப்பொழுது பல நாடுகளில் செப்புக் கம்பிகள் கண்ணாடி இழைகளுக்கு இடங்கொடுத்து விலகி வருகின்றன. அது தக்கதே. எங்கள் தெருவுக்கும் இழை வந்துவிட்டது. ஆயினும் சுவரோரக் கம்பியை நான் அகற்றவில்லை. அதன் வல்லமை முடிந்துவிட்டதென்று உலகம் இருமுறை முடிவு செய்தது. இருமுறையும் அம்முடிவு தவறாயிற்று. குரலுக்கு எல்லை குறித்த பிரீஸ் தவறினார். 56,000 பிற்றோடு முடிந்ததென்று எண்ணியவரும் தவறினர். எல்லை கம்பியில் இருக்கவில்லை. அதனைப் பார்த்தவரிடத்தே இருந்தது.

பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் இளம் ஆசிரியர் சிலர் இன்றும் என்னிடம் வருவதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விடை சரியாகவும் வழி புதிதாகவும் இருந்தால், அந்தத் தாளை அன்றிரவே திருத்த வேண்டாம். மறுநாட் காலை அந்தப் பிள்ளையை அழைத்து, வந்த வழியைக் கேளுங்கள். எனக்கு அந்த மறுநாட் காலை கிடைத்திருந்தது. நான் கேட்கவில்லை.